ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர்

அப்பா,

கஞ்சி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கழுத்துக் குழாயைச் சுத்தம் செய்யக் காரமடை ஃபெமினா அத்தை வருவார், கதவைத் தாழிடாதீர்கள்.

நேற்று நான் தொண்டை கொப்பளிக்கும்போது, பழைய பழக்கத்தில் உங்களுக்கும் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர் வைத்துவிட்டேன். உங்கள் குரல்வளையை எடுத்துவிட்டார்கள் என்பது என் கைக்கு மறந்துவிட்டது. கேலி செய்யவில்லை அப்பா. நீங்கள் டம்ளரை வீசியதில் தவறில்லை.

"பெரிய வெள்ளிக்கு அப்பா பாட்டை நீயே பாடிப்போடு அம்மணி" என்று கோயில் பாடற்குழு கிளமென்ட் சார் சொன்னதற்கு, "பாடு. நான் வரமாட்டேன்" என்று சிலேட்டில் எழுதினீர்கள். எனக்கு உங்கள் குரல் இல்லை. இன்று பாடுமுன், மாலைப் பாட்டு வகுப்பில் சொன்னபடி உதட்டை மூடி 'ம்ம்' என்று இழுக்கும் பயிற்சியைக் கோயிலிலேயே செய்துகொள்கிறேன். வீட்டில் சத்தம் வராது.

அருள்செல்வி

பி.கு.: மனம் மாறினால், வீட்டுச் சாவி ஆணியில் இருக்கிறது.

இன்று ஒரு டம்ளர்தான் வைத்தேன். சத்தம் உங்களுக்குக் கேட்குமே என்று, அதையும் கொப்பளிக்க முடியவில்லை.