சரி போடாத ஐந்தாவது வரி

மகள்,

இன்று அஸர் தொழுது முடிய சுமதி ஓட்டோவில் வந்து இறங்கினாள். நீ வேலை பழக்கிய அதே பாண்டிருப்புப் பிள்ளைதான். அரிசி ஆலைக் கந்தோரில் உன் கதிரையில் இப்போது அவள். கையில் ஒரு கறுத்த இரும்புப் பெட்டி. உள்ளே கொண்டுவந்து வைத்ததும் உமித்தூசி வாசம் எழும்பியது. வேலைவிட்டு வந்து நீ அபாயாவைக் கழற்றும்போது வருமே, அதே வாசம்.

பெட்டியில் உன் கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது; உன் மடிக்கணினிக்குள் கிடந்ததைச் சுமதி எடுத்து ஒட்டினாளாம். ஐந்து வரி. நாலுக்கு நேரே சரி போட்டிருக்கிறாய். ஐந்தாவது "நேரம்". அதற்கு நேரே ஒன்றுமில்லை. என் அஞ்சாம் வகுப்புப் படிப்புக்கு அதை வாசிக்க முடிந்தது. ஏன் வெறுமையாக இருக்கிறது என்பதும் எனக்குத்தான் தெரியும்.

ஒருநாள் நோன்புக் கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னாய்: "ஆலையில எல்லாக் கொம்பியூட்டருக்கும் ஒரு தலைவர் இரிக்காரு உம்மா, அவரும் ஒரு கொம்பியூட்டர்தான். ஆர் உள்ளுக்கு வரலாம், ஆர் வரேலா எண்டு அவர்தான் சொல்ற. கிழவனாப் பெய்த்தார். அவர்ட அஞ்சி பொறுப்பையும் புதுசுக்கு மாத்தணும்."

"கிழவன் லேசில உடுவானா?"

"உசிரோட இரிக்கக்குள்ள கேட்டா குடுத்திருவார். என்ட கலியாணத்துக்கு இந்த ஊட்ட எழுதித் தந்திட்டு நீங்க பின்னுக்குக் குசினிப் பக்கம் போகல்லியா? அதுபோல. மௌத்தாப் போனாத்தான் கரைச்சல். பறிச்சித்தான் எடுக்கணும்."

என் மகள் இயந்திரங்களுக்கே தலைமை மாற்றுகிறாள் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பிறகு உனக்கு அந்த வருத்தம் வந்தது. கட்டிலில் படுத்தபடியே மடிக்கணினியில் நாலு பொறுப்பை மாற்றி, துண்டில் சரியும் போட்டுவிட்டாய். மிச்சம், எல்லாவற்றுக்கும் மணி சொல்கிற வேலை. வெள்ளிக்கிழமை ஆலை பூட்டிய பிறகு செய்யவிருந்தாய். அந்த வெள்ளிக்கிழமைதான் நான் மடிக்கணினியைச் சாரனில் சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"உம்மா, அஞ்சி நிமிசம். ஒண்டுதான் மிச்சம்."

"ஒடம்பு தேறட்டும். வேலை எங்க ஓடப்போகுது?"

"அப்ப உங்களோட ஒரு கதை கதைக்கணும். என்ட புள்ள ஹனாவப் பத்தி. நான் இல்லாட்டி..."

"வாயப் பொத்து! மௌத்தக் கதைக்கிற வாயா இது?"

"சரி உம்மா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி. செவ்வாய்க்கிழமை உன்னை அடக்கினோம்.

நீ போய் மூன்றாம் மாதம் அந்தப் பழையதும், சுமதி கொண்டுவந்த இந்தப் பெட்டிதான், நின்றுபோனதாம். புதியது பக்கத்திலேயே இருந்தும், மணி சொல்கிற பொறுப்பு அதன் கைக்கு வரவில்லை. நாள் போகப் போக ஒவ்வொரு கொம்பியூட்டரும் ஒவ்வொரு மணி காட்டியது. கடைசியில் யாரையும் உள்ளே விடவில்லை. சவளக்கடையிலிருந்து நெல் ஏற்றி வந்த லொறிகள் தெருவில் வரிசையாக நின்றனவாம்.

"கேட்டுக் கேட்டுப் பாத்தன் உம்மா, பழசிட்ட இருந்து பதிலில்ல. பறிச்சித்தான் எடுத்தன்" என்றாள் சுமதி. "ராத்தா இருந்தா ஏசியிருப்பா." அக்கா முறையில் உன்னைத்தான் ராத்தா என்கிறாள்.

"இத ஏன் புள்ள இஞ்ச கொண்டுவந்த?"

"ஆரும் தெரியாம எங்கட லைனில திரும்பக் கொளுவிருவாங்க எண்டு பயம். உசிர் வந்தா இதுவும் தன்ட மணியச் சொல்ல வெளிக்கிடும். பறிச்செடுத்தாப் பொறகு பழசத் திரும்ப உள்ளுக்கு எடுக்கவே கூடாது."

அவள் போன பிறகு பெட்டியை என் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தேன். வயரை வெட்டிவிட்டேன்.

ஹனாவுக்கு இப்போது ஏழு வயது. பள்ளிக்கூடம் போக ஒவ்வொரு நாளும் நான்தான் தலை பின்னிவிடுகிறேன்.

"உம்மம்மா, உம்மா இப்பிடிப் பின்ன மாட்டா."

"எப்பிடிப் பின்னுவா?"

"தெரியா. ஆனா இப்பிடி இல்ல."

அன்று நீ கதைக்க வந்த கதையில் இதையும் சொல்லியிருப்பாயோ என்னவோ. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஓதி ஊதுவாய், இரவில் எதற்குப் பயந்து எழும்புகிறாள், ஒன்றும் எனக்குத் தெரியாது. உன் பொறுப்பு என் கையில் இருக்கிறது, மகள். நீ தந்து வாங்கியதல்ல.

நாளைக் காலையும் அவள் சீப்போடு வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்காருவாள்.