அக்காவுக்கும் ஒரு பிரதி

ஜூன் 3, செவ்வாய்

வேதியியல் தேர்வு முடிந்தது. மூன்றாம் கேள்வியைத் தவிர எல்லாவற்றையும் எழுதினேன். வீட்டுக்கு வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் அக்காவின் மேசைக்குப் போனேன். அவள் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த சர்க்யூட் போர்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. பச்சை நிறம், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, ஓரத்தில் கேபிள் செருகும் வாய்.

அந்த வாய்க்குப் பின்னால் ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. அதை ஃபை என்பார்கள். கணினிக்குள் ஒன்றும் பூஜ்யமுமாக இருப்பதைக் கம்பியில் ஓடும் மின்சாரமாக மாற்றி அனுப்புவதும், வருவதைத் திருப்பி மாற்றுவதும் அதன் வேலை. அந்தச் சிப்போடு பேசத் தெரிந்த நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அது கர்னலுக்குள், இயங்குதளத்தின் அடிமடியில், உட்கார்ந்திருக்கும். அக்காவின் கம்பெனி நெட்வொர்க் பெட்டிகள் செய்கிறது. அக்கா டிரைவர் எழுதுகிறாள். அவள் எழுதுவதைப் பார்த்துப் பார்த்து நானும் இரண்டு வருடமாகப் படிக்கிறேன். அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறவர். “வீட்டுல மூணு டிரைவர். ஒருத்தனுக்குத்தான் லைசென்ஸ் இருக்கு” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

அக்காவுக்கு இப்போது ஒரு தலைவலி. கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் வாயோரத்து விளக்கு எரிகிறது, ஆனால் சில சமயம் பெட்டி மட்டும் ‘இணைப்பு இல்லை’ என்று சாதிக்கிறது. “நீயாவது பாருடி, எனக்குக் கண்ணே பூத்துப் போச்சு” என்றாள்.

பார்க்காமல் இருப்பேனா!

ஜூன் 5, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். இல்லை, கண்டுபிடித்தேவிட்டேன்.

சிப்பின் கையேட்டில், யாரும் படிக்காத ஒரு அட்டவணையின் கீழே, சின்ன எழுத்தில் இருந்தது. ‘இணைப்பு இருக்கிறதா’ என்பதற்கு ஒரு பிட், ஒன்றோ பூஜ்யமோ காட்டும் ஒரு சின்ன இடம், உண்டு. இணைப்பு கண் இமைக்கும் நேரம் விழுந்து எழுந்தாலும் அந்தப் பிட் பூஜ்யமாகி அப்படியே நின்றுவிடும். யாராவது வந்து படிக்கும்வரை நிற்கும். முதல் முறை படித்தால் கிடைப்பது பழைய செய்தி. இரண்டாம் முறை படித்தால்தான் இப்போதைய நிலை.

அக்காவின் பெட்டியில் ஏதாவது மாறினால் சிப்பே மணி அடிக்கும். டிரைவர் எழுந்து வந்து ஒரே ஒரு முறை படித்து, ‘இல்லை’ என்று பழைய செய்தியை எழுதிக்கொண்டு தூங்கப் போய்விடுகிறது. அடுத்த மணி அடிக்கும்வரை எட்டிப் பார்ப்பதில்லை.

“அது கோவிச்சுக்கிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கு அக்கா. என்னாச்சுன்னு ஒரு தடவை கேட்டாத்தான் சரியாகும்.”

“அப்படியே உன்னை மாதிரி” என்றாள். பிறகு கையேட்டை வாங்கித் தானே படித்தாள். படித்து முடித்ததும் என் தலையைப் பிடித்து உச்சியில் ஒரு முத்தம். எனக்குப் பதினாறு வயது என்பதை யாராவது அவளுக்குச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

எல்லாப் பெட்டிகளிலும் இரண்டு முறை படித்துவிடக் கூடாது. இதுதான் முக்கியம். சில பெட்டிகளில் சிப்புக்கு மணி கிடையாது. டிரைவரே நொடிக்கொரு தடவை போய் ‘இருக்கியா?’ என்று கேட்டுவரும். அங்கே இரண்டு முறை படித்தால், நடுவில் இணைப்பு விழுந்து எழுந்த செய்தியை நாமே படித்து நாமே தூக்கிப் போட்டதாகிவிடும். விழுந்து எழுவதற்குள் கம்பியின் எதிர்முனையில் இருக்கும் கணினி தன் வேகத்தை மாற்றியிருந்தால்? நம் பெட்டிக்குத் தெரியாது. பழைய வேகத்திலேயே பேசிக்கொண்டிருக்கும், எதிர்முனைக்கு ஒரு எழுத்தும் புரியாது.

ஆகவே ஒரு நிபந்தனை வைத்தேன்: மணி இருந்தால் இரண்டு முறை, இல்லாவிட்டால் ஒரே முறை. மொத்தத் திருத்தமும் ஐந்தாறு வரிதான். ஏன் என்று விளக்கும் குறிப்பு அதைவிட நீளம். குறிப்பை நாலு தடவை திருத்தி எழுதினேன். தமிழ் மிஸ்ஸின் கட்டுரைக்குக்கூட இவ்வளவு பாடுபட்டதில்லை.

ஜூன் 9, திங்கள்

இந்தக் கர்னலை யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். பொதுவான ஒரு மடல் குழுவுக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். திருத்தத்தின் தலையில் எழுதியவர் பெயர். அடியில், ‘இது என் வேலை, இதற்கு நான் பொறுப்பு’ என்பதற்கு அடையாளமாக மறுபடி பெயர். ஏற்றுக்கொண்டால் அந்தப் பெயர் அங்கே என்றைக்கும் இருக்கும். யார் வேண்டுமானாலும் அந்த வரியைத் தொட்டு, இதை எழுதியது யார் என்று கேட்கலாம். என் பெயர் வரும்!

நானே அனுப்புகிறேன் என்றேன்.

“ஒரு போர்டுல மட்டும் ஓட்டிப் பாத்துட்டு அனுப்பினா திட்டுவாங்கடி. குடு, ஆபீஸ்ல இருக்கற எல்லாத்துலயும் போட்டுப் பாத்துட்டு நான் அனுப்பறேன். உன் பேர்லயேதான்.”

“என் பேர்லதானே?”

“ஆமாடி தாயே. உன் பேரை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்?”

கொடுத்தேன். போர்டையும் திரும்ப எடுத்துப் போனாள்.

ஜூன் 12, வியாழன்

இன்னும் அனுப்பவில்லையாம். “பறக்காதடி” என்கிறாள். பறக்கவில்லை. கொஞ்சம்தான்.

ஜூன் 15, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

மாலையில் அக்காவோடு வேலை செய்கிறவர் ஒருவர் வந்தார். மிக உயரம், அக்கா வீட்டில் அவரை நெட்டை என்றுதான் சொல்வாள். அப்பா தன் மூணு டிரைவர் ஜோக்கைச் சொன்னார். அவர் சிரித்துவிட்டு, “உங்க பொண்ணு கலக்கிட்டாங்க சார்” என்றார். “நாங்க எல்லாரும் மண்டையைப் பிச்சுக்கிட்டிருந்தோம். மீட்டிங்ல எழுந்து, சிப்பு கோவிச்சுக்கிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கு, என்னாச்சுன்னு ஒரு தடவை கேட்டாத்தான் சரியாகும்னாங்க பாருங்க! மேனேஜரே கை தட்டினார். திருத்தத்தை வெளியேயும் ஏத்துக்கிட்டாங்க. இவங்க பேரு கர்னல்ல ஏறிடுச்சு.”

நான் டம்ளர் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். உடனே, “தண்ணி எடுத்துட்டு வாடா கண்ணு” என்றாள்.

அம்மா என்னைக் கண்ணு என்று கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று.

“முன்னாடியெல்லாம் மணி இல்லாத பெட்டியில அப்பப்ப ‘லிங்க் போச்சு, லிங்க் வந்துச்சு’ன்னு பதிவு வரும். இப்ப அதுவும் இல்ல. சுத்தமா இருக்கு” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுத்தமா இருக்கா? எப்படி? அங்கேதான் நான் கை வைக்கவே இல்லையே?

அவர் போவதற்குள் மடல் குழுவைத் திறந்து பார்த்துவிட்டேன். தலையில் அக்கா பெயர். அடியில் அக்கா பெயர். நடுவில் என் குறிப்பு, பாதி. என் நிபந்தனை இல்லை. எல்லாப் பெட்டியிலும் இரண்டு முறை.

என் பெயர் எங்கேயும் இல்லை.

ஜூன் 16, திங்கள்

கேட்டேன். கத்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போய்க் கத்தினேன்.

“வேலையில சேர்ந்து இன்னும் நிரந்தரம் ஆகலடி எனக்கு. ஸ்கூல் படிக்கற தங்கச்சி கண்டுபிடிச்சான்னு மேனேஜர்கிட்டப் போய்ச் சொல்லச் சொல்றியா? ஆபீஸ் போர்டை வீட்டுல குடுத்தேன்னு தெரிஞ்சாலே போச்சு.”

“அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாமே? உன் பேர்லயேன்னு ஏன் சொன்னே?”

“சொன்னா குடுத்திருப்பியா?”

இதைத்தான் தாங்க முடியவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். நிச்சயமாகக் கொடுத்திருப்பேன். அழுதுகொண்டாவது. அவளுக்கு அது தெரியவே இல்லையே — பதினாறு வருஷம் ஒரே அறையில் இருந்துமா?

“அந்த நிபந்தனையை ஏன் எடுத்தே?”

“பதிவுல ஒண்ணும் வரக் கூடாதுன்னு மேனேஜர் சொன்னார். எடுத்தா வரல.”

“வரலன்னா விழலன்னு அர்த்தமா அக்கா?”

துண்டை எடுத்துக்கொண்டாள். குளிக்கப் போய்விட்டாள்.

அம்மாவுக்கு முன்பே தெரியும். “அவ பேரு என்ன, உன் பேரு என்ன, ஒரே வீடுதானே? நீ இன்னும் எவ்வளவோ செய்வே. அவளுக்கு இப்ப தேவை” என்றாள். அக்காவும் அம்மாவும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். என்னைக் கேட்காமல். அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது, பாவம், வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 17, செவ்வாய்

பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன், அவ்வளவுதான்.

ஜூன் 20, வெள்ளி

பள்ளி ஆய்வகத்தில் ஒரு பழைய கணினியில் அதே குடும்பத்துச் சிப் இருக்கிறது, மணி இல்லாத வகை. கம்ப்யூட்டர் மிஸ் அனுமதித்தார். “எதையாவது உடைச்சா நீதான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அக்காவின் திருத்தத்தோடு ஓட்டினேன். எதிர்முனைக் கணினியின் வேகத்தைக் குறைத்தேன். இணைப்பு ஒரு கணம் விழுந்து எழுந்தது; விளக்கு அணைந்து எரிந்ததைக் கண்ணால் பார்த்தோம். பதிவில் ஒன்றும் இல்லை. நம் கணினி பழைய வேகத்திலேயே இருந்தது. எதிர்முனையிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. விளக்கு மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

“செத்துப் போச்சா?” என்றார் மிஸ்.

“இல்ல மிஸ். உயிரோடதான் இருக்கு. பேச்சுவார்த்தைதான் இல்ல.”

என் நிபந்தனையைத் திரும்பப் போட்டேன். விழுந்தது தெரிந்தது, வேகம் மாறியது, பதில் வந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

ஜூன் 23, திங்கள்

ஒரு தவறைத் திருத்தி அனுப்பும்போது, எந்த முந்தைய திருத்தத்தால் தவறு வந்தது என்று குறிப்பிட வேண்டும். அதை எழுதியவருக்கும் ஒரு பிரதி போக வேண்டும். யாருக்கெல்லாம் அனுப்புவது என்று சொல்ல ஒரு சின்ன நிரலே வைத்திருக்கிறார்கள். ஓட்டினேன். முதல் வரியிலேயே அக்காவின் அலுவலக மின்னஞ்சல் முகவரி.

நான் அனுப்பப் போவதை அவளிடம் சொன்னேன். ஒளித்துச் செய்ய எனக்கு வராது.

“என்னைப் பழி வாங்கறியா?”

“பெட்டி வேலை செய்யல அக்கா. ஓட்டிப் பார்த்தேன்.”

“ரெண்டு மாசம் பொறு. நிரந்தரம் ஆகட்டும். அப்புறம் நானே சரி பண்றேன். உன் பேர்லயே—” என்று தொடங்கி, நிறுத்திவிட்டாள்.

பழி வாங்குகிறேனா? உண்மையாகச் சொல்ல வேண்டும், இது என் நாட்குறிப்பு. கொஞ்சம் ஆமாம். ஆனால் அந்தப் பெட்டிகளை வாங்கி வைத்திருக்கிறவர்கள் விளக்கைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நம்பிக்கொண்டிருப்பார்களே? அப்படி நம்பிக்கொண்டு இருப்பது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஜூன் 24, செவ்வாய்

அனுப்பிவிட்டேன். ‘முதல் திருத்தமும் நான் எழுதியதே’ என்று ஒரு வரி சேர்த்தேன். படித்துப் பார்த்தேன். அழித்தேன். அவள் வேலை போக வேண்டாம். தவறு மட்டும் போகட்டும்.

ஜூன் 26, வியாழன்

இந்தப் பகுதியைப் பராமரிக்கிறவர் பதில் போட்டிருக்கிறார். எங்கோ தூர தேசத்துக்காரர், மிகவும் மரியாதையாக எழுதுகிறார். விளக்கம் தெளிவாக இருக்கிறதாம். முந்தைய திருத்தத்தை எழுதியவரிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். ஒன்று, நிபந்தனை இல்லாமல் விட்டது ஏன்? இரண்டு, இந்தப் புதிய திருத்தத்தை உங்கள் பெட்டிகளில் ஓட்டிப் பார்க்க முடியுமா? மூன்று: உங்கள் இருவர் பெயரிலும் பின்பாதி ஒன்றாக இருக்கிறதே (அது அப்பாவின் பெயர் என்று அவருக்குத் தெரியாது), நீங்கள் உறவினர்களா? ஒரு சிரிப்புப் படமும் போட்டிருந்தார்.

அக்காவும் படித்திருப்பாள். சாப்பிட்டு முடித்ததும் நேராகத் தன் மேசைக்குப் போய்விட்டாள். 

ஜூன் 29, ஞாயிறு

அக்கா பதில் போட்டாள். அவள் அவளுடைய மேசையில், நான் கட்டிலில். நடுவில் ஒரு துணி காயப்போடும் கொடி. அவள் தட்டச்சு செய்யும் சத்தம் நின்றது, எனக்கு மடல் வந்தது.

இந்தக் குழுவில் பதில் எழுதும் முறை ஒன்று உண்டு. கேட்டவரின் வரியை அப்படியே வைத்து அதன் கீழே பதில் எழுதுவார்கள். எதற்குப் பதில் சொல்லப் போவதில்லையோ அந்த வரியை வெட்டி எடுத்துவிடுவார்கள்.

முதல் கேள்வியின் கீழே, ‘அது என் கவனக்குறைவு’ என்று எழுதியிருந்தாள். இரண்டாவதன் கீழே, ‘ஓட்டிப் பார்த்தேன், சரியாக வேலை செய்கிறது. இதை எழுதியவர் சொல்வது சரி’ என்று எழுதி, சோதித்தவர் என்று தன் பெயரைப் போட்டிருந்தாள்.

மூன்றாவது கேள்வியை வெட்டியிருந்தாள்.

மேலும் கீழும் தேடினேன். இல்லை.

நானும் அதே குழுவில், எல்லோருக்கும் தெரிய, ‘சோதித்துப் பார்த்ததற்கு நன்றி’ என்று அவளுக்கு ஒரு வரி எழுதினேன். கொடிக்கு அந்தப் பக்கம் அவள் அதைத் திறக்கும் சொடுக்குச் சத்தம் கேட்டது. மாலைக்குள் திருத்தத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். தலையில் என் பெயர், அடியில் என் பெயர், அதற்குக் கீழே அவள் பெயர்.

அம்மா துணி எடுக்க வந்தாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா?” என்றாள்.

“பேசிட்டோம்மா” என்றேன்.