நிவேதா கொடுத்த குட்டி

சனி இரவு, ஃபிரிஸ்கோ

பாம்பு விற்பனைக் கண்காட்சிக்குக் கூட்டம் வராமலில்லை. வந்தவர்கள் என் தோழி நிவேதாவின் மேசையில்தான் நின்றார்கள்.

பந்துபோல் சுருண்டுகொள்ளும் என் 'பால் பைத்தான்' மலைப்பாம்புக் குட்டிகளும் அழகுதான். ஆனால் வெள்ளைத் திட்டு விலை போகிறது என்று எல்லோரும் அதே வகை ஆண் பாம்பை வாங்கி இனம் பெருக்கினோம். இன்று மேசைக்கு மேசை அதே வெள்ளைத் திட்டு.

"அந்த டேபிள்ல இதையே பாதி ரேட்டுக்குத் தர்றாங்கம்மா" என்று ஒரு அங்கிள் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

நிவேதாவிடம் மூன்றே குட்டிகள். கறுப்பு உடம்பில் துல்லியமான பொன்கோடு. அந்தக் கோடு வேறு யாரிடமும் இல்லை. இரண்டு, அவள் சொன்ன விலைக்கே போயின. மூன்றாவதை என் கையில் வைத்தாள்.

"உனக்குன்னு எடுத்து வெச்சேன்டி. உன்கிட்ட போய் காசு வாங்குவேனா?"

அதுதான் தாங்கவில்லை. நன்றி சொன்னேன்.

காரில் வரும்போதே யோசித்துவிட்டேன். இது ஆணாக இருந்தால், வளர்ந்ததும் என் பெண் பாம்புகள் எல்லாவற்றோடும் சேர்க்கலாம். குட்டிகளை மலிவாக விற்றால் பொன்கோடும் மேசைக்கு மேசை வந்துவிடும். அப்போது அவளைப் பார்த்தும் யாராவது சிரிப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வாலடியை மெல்ல அழுத்திப் பார்த்தேன். ஆண்தான்.

வெதுவெதுப்பான பெட்டியில் விட்டு, தண்ணீர் வைத்தேன்.