தடுப்புக்கு அந்தப் பக்கம்

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் வந்த முதல் ஆளே வம்பு. கடைசி வரியைப் படிக்கச் சொன்னால், "அது எழுத்தா எறும்பாம்மா?" என்கிறார். எறும்பு தெரிகிற அளவுக்காவது பார்வை இருக்கிறதே, சந்தோஷம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பாய் சிரித்தது மட்டும் கேட்டது.

பாய்க்குப் பாம்புக் காது. நடுவில் இருப்பதும் வெறும் பிளைவுட்தானே. இந்தப் பக்கம் நான் கண் பரிசோதிக்கிறேன், அந்தப் பக்கம் அவர் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் மாட்டுகிறார். என் வீட்டுக்காரரும் அவரும் சேர்ந்து தொடங்கிய கடை. வீட்டுக்காரர் போன பிறகு நானும் பாயுமாக ஓட்டுகிறோம். மதியம் மெஷின் சத்தம் நின்றால் பாய் தொழுகைக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். கண்ணாடி வாங்க வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு நான் ஏதாவது கதை பேசிக்கொண்டிருப்பேன்.

முட்டி வலி என்று இன்றும் புலம்பினார். தொழும்போது மடக்க முடியவில்லையாம். நாற்காலியில் உட்கார்ந்து தொழலாமே என்றேன். "அதெல்லாம் வயசானவங்களுக்கு சிஸ்டர்" என்றார். பேரன் எடுத்த வாலிபர்!

செப்டம்பர் 4, வியாழன்

வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் வழக்கம்போல் கடையில். ஷட்டரைப் பாதி இறக்கி, பரிசோதனை நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தோம். நடத்தியது நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. அவள் ஜெபித்தால் கல்லும் கரையும் என்று சபையில் பெயர்.

யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். என் முறை வந்தது. பாயின் முட்டிக்காக என்றேன்.

"முட்டிக்கு மட்டும்தானா அண்ணி?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் ரட்சிக்கப்படவும் ஜெபியுங்கள் என்றேன். பொய் ஒன்றும் இல்லை. மனதில் இருப்பதுதான்.

அவள் ஆரம்பித்தாள். ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவனின் கண்ணைச் சத்துரு கட்டி வைத்திருக்கிறானே ஆண்டவரே, இந்தக் குருடனை இருட்டிலிருந்து தூக்கியெடும் என்று குரல் ஏற ஏற, எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு நல்ல மனிதர் பரலோகத்தில் இல்லாமல் போய்விடுவாரா என்று நினைத்து நினைத்து அழுதேன். முட்டியை எல்லாரும் மறந்துவிட்டோம். எல்லாரையும்விட உரக்க ஆமென் சொன்னது நான்தான்.

அவர்கள் போன பிறகு விளக்கை அணைக்க எழுந்தேன். தடுப்புக் கதவின் அடியில் வெளிச்சம்.

பாய் உள்ளேதான் இருந்தார். கையில் ஒரு லென்ஸோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மெஷின் ஓடவில்லை.

"முடிஞ்சுதா சிஸ்டர்? காலைல குடுக்க வேண்டியது ஒண்ணு, அவசரம்னாங்க" என்று சொல்லி சுவிட்சைப் போட்டார். மெஷின் ஓட ஆரம்பித்தது. நான் என் பக்க விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

டீ வேண்டாம் என்றுவிட்டார். வயிறு சரியில்லையாம். வயிறாம்! எனக்குத் தெரியாதா.

செப்டம்பர் 6, சனி

நானே போய்க் கேட்டேன்.

"அன்னைக்கு... உங்களுக்குக் கேட்டுச்சா?"

"மெஷின் ஓடலையே சிஸ்டர். எப்படிக் கேக்காம இருக்கும்?"

"ஏன் நிறுத்தினீங்க? வேலை இருந்துச்சே."

"நீங்க ஜெபம் பண்ணும்போது கரகரன்னு சத்தம் போட்டா நல்லாவா இருக்கும்? வியாழக்கிழமை நான் இருந்தா நிறுத்தி வெச்சுடுவேன். அண்ணன் இருந்த காலத்துலேர்ந்தே அப்படித்தான்."

என் வீட்டுக்காரரைச் சொல்கிறார். அத்தனை காலமாகவா! வியாழக்கிழமைகளில் அவர் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுகிறார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று ஒரு நாளாவது எட்டிப் பார்த்தேனா?

மன்னித்துவிடுங்கள் பாய், கோபமா என்றேன். கோபம் இல்லை என்றார். லென்ஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"அந்தம்மா சொன்னதை விடுங்க. அவங்களுக்கு என்னைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்க சிரிச்சிருந்தாக்கூட ஏதோ விளையாட்டுன்னு மறந்திருப்பேன். நீங்க அழுதீங்க. நான் உசுரோட உள்ள உக்காந்திருக்கேன், செத்தவனுக்கு அழற மாதிரி அழுதீங்க."

பிறகு, மாதக் கடைசியில் மெஷினை வீட்டு முன்னறைக்குக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். வேலை நிற்காதாம். நான் பவர் எழுதி அனுப்பினால் போதுமாம், கண்ணாடி வந்துவிடுமாம். "எல்லாருக்கும் அதுதான் வசதி" என்றார்.

என்ன வசதி? யாருக்கு வசதி? சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வாய் கிழியப் பேசுகிறவள் என்று பெயர்தான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஆராதனையில் மனம் ஒட்டவில்லை. போதகர் அன்பைப் பற்றித்தான் பேசினார். எப்போதும் அதைத்தானே பேசுகிறோம்.

நான் அன்பினால்தான் அழுதேன். அது நிஜம். அப்படியானால் அது ஏன் அவருக்கு அறைந்த மாதிரி இருந்தது? என் அழுகையில் பாய் எங்கே இருந்தார்? வாடிக்கையாளர் குழந்தைக்குச் சின்ன ஃபிரேம் கிடைக்காமல் பெரியதை வெட்டி இழைத்துக் கொடுத்தவர், முட்டி வலியோடு குனிகிறவர், என்னை வம்புக்கு இழுக்கிறவர் — இந்த ஆளை நினைத்தா அழுதேன்? கெட்டுப்போகப் போகிற ஓர் ஆத்துமாவை நினைத்து அழுதேன். அதற்கு முகம்கூட இல்லை.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கே நான் நடிப்பதாகிவிடும். என் விசுவாசம் அப்படியேதான் இருக்கிறது. பாய் மனம் நோகிறார் என்பதற்காக இயேசுவை நான் பலரில் ஒருவர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் பாயே என்னை மதிக்க மாட்டார். என் ஆண்டவர் யாரையும் கூட்டத்தின் நடுவில் நிறுத்திக் குருடன் என்று அவமானப்படுத்தி எனக்குத் தெரியாது. குருடரிடம்கூட, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டார். நாங்கள் பாயிடம் எதையும் கேட்கவில்லை. முட்டி என்று அவராகவே சொன்னதையும் விட்டுவிட்டோம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நாத்தனார் கடைக்கு வந்தாள். பாய் சாமான் வாங்க வெளியே போயிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் வருத்தப்படுவாள் என்று பார்த்தால் —

"சத்தியம் கசக்கத்தான் செய்யும் அண்ணி. ஆவியானவர் அவரைத் தொட்டிருக்கார், அதான் குத்துது. போறேன்னா போகட்டும். லென்ஸ் வேலை தெரிஞ்ச பையன் நம்ம சபையிலேயே இருக்கான். விசுவாசி. கடையும் சாட்சியா இருக்கும்."

எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. போகட்டுமாமே! இவள் அண்ணனை அடக்கம் செய்த அன்று இவள் பக்கத்தில்தான் பாய் நின்றார். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, எங்கள் பாட்டு முடிகிறவரை அசையாமல் நின்றார். பிறகு நான் வீட்டில் முடங்கிக் கிடந்த நாட்களில் தினமும் கடையைத் திறந்து, கண் பரிசோதிக்கத் தெரியாத மனிதர் என் மேஜையில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் "அம்மா வந்துடுவாங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையைக் காப்பாற்றத்தான் நான் எழுந்து வந்தேன்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். "டீ குடிக்கிறியா?" என்றுதான் கேட்டேன். கோழை.

செப்டம்பர் 11, வியாழன்

சொல்லிவிட்டேன்.

பாட்டு முடிந்ததும் எழுந்து நின்றேன். "இனிமே இந்தக் கடையில யாரையும் குருடன், இருட்டுல இருக்கறவன்னு சொல்லி ஜெபம் பண்ண வேண்டாம். அவங்க காதுல விழுந்தா நமக்கு வெக்கமா இருக்கிற ஜெபம் எதுவும் வேண்டாம்" என்றேன்.

நாத்தனார் அமைதியாகத்தான் கேட்டாள். "அப்போ அவர் நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லையா அண்ணி?"

எனக்கே அந்தக் கேள்வி இருக்கிறது. அவள் கெட்டவள் இல்லை, அவளும் பயந்துபோய்த்தான் கேட்கிறாள் என்பது அந்த நிமிஷம் புரிந்தது.

"அது என் கையில இல்லம்மா. உன் கையிலயும் இல்ல. அதை ஆண்டவர் பாத்துப்பார், அவர் உன்னையும் என்னையும்விட நல்லவர். பாய் நாளைக்கு இங்க வந்து நிம்மதியா உக்காந்து டீ குடிக்கிறது என் கையில இருக்கு. அதைக் கெடுத்தது நான்."

அவள் வேதத்தை மூடிப் பையில் வைத்தாள். ஷட்டருக்குக் குனிந்து வெளியே போனாள். அவள் பின்னால் இன்னும் சிலர். கடைசியில் நானும், தையல்காரம்மாவும், ஓய்வுபெற்ற தபால்காரரும்தான் மிச்சம். மூன்று பேரும் பாயின் முட்டிக்காக ஜெபித்தோம். தபால்காரருக்கும் முட்டி வலி. அதனால் மிகவும் உருக்கமாக ஜெபித்தார்.

அந்தப் பக்கம் ஆள் இல்லை. இந்த முறை எட்டிப் பார்த்தேன். கேட்க வேண்டியதைக் கேட்க அவர் இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

தையல்காரம்மா என்னை முந்திக்கொண்டு காலையிலேயே பாயிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். அவள் வாயில் அவல் விழுந்தால் கேட்க வேண்டுமா.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து பாய் பள்ளிவாசலிலிருந்து வந்தார். "எதுக்கு சிஸ்டர் உங்க ஆளுங்களோட சண்டை? என்னால உங்க குடும்பத்துல பிளவு வேண்டாம்."

"உங்களால இல்ல, என்னால. நான் உங்களுக்காக ஜெபிக்கறதை நிறுத்த மாட்டேன் பாய். அதையும் சொல்லிடறேன். மனசுல இருக்கறதை மறைச்சு வெச்சுக்கிட்டு உங்க மூஞ்சியைப் பாக்க என்னால முடியாது."

"யாரு நிறுத்தச் சொன்னா?" என்றார். தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டே, "நானும் உங்களுக்காகத் துவா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அண்ணனுக்கும் கேட்டேன்" என்றார்.

"என்னன்னு?"

"என்னன்னா... நீங்களும் எங்க வழிக்கு வந்துடணும்னுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு நிமிஷம் சுருக்கென்றுகூட இருந்தது. என்னையா? எனக்கு என்ன குறை? அப்புறம்தான் உறைத்தது. சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அவருக்கும் சிரிப்பு. முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஆனா சத்தமா கேக்க மாட்டேன் சிஸ்டர்" என்றார்.

மெஷினை எடுத்துப் போகிற பேச்சை நான் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது என்று தெரியும்.

செப்டம்பர் 17, புதன்

டீ குடித்தார். சர்க்கரை தூக்கலாகக் கேட்டார். ஆனால் பழைய ஃபிரேம்களையெல்லாம் அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். தடுத்து நிறுத்த எனக்கு என்ன உரிமை? போகாதீர்கள் என்று கெஞ்சினால் இருப்பார். கெஞ்சி இருத்தினால் அதுவும் என் வசதிக்குத்தானே. வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கிறேன். எவ்வளவு கஷ்டம் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

செப்டம்பர் 29, திங்கள்

வண்டி வந்தது.

ஒரு பெண்ணுக்குப் பரிசோதனை செய்துகொண்டிருந்தேன். "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?" என்று கேட்கிறேன், அவள் சொல்கிற பதில் காதில் ஏறவில்லை. வண்டிக்காரர் தடுப்பைத் தாண்டி உள்ளே போனார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"எதைண்ணே தூக்கணும்? இதுவா?"

"வேலை ஓடுது, கண்ணு தெரியலையா? அப்புறம் வா."

"அப்புறம்னா எப்போண்ணே?"

"சொல்லி அனுப்பறேன்."

வண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். அந்தப் பெண், "ஏன் மேடம் அழறீங்க?" என்றாள். கண்ணில் தூசி என்றேன். கண் டாக்டர் மாதிரி உட்கார்ந்துகொண்டு சொல்கிற பொய்யா அது.

அக்டோபர் 6, திங்கள்

நாத்தனார் கூட்டத்தைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டுவிட்டாள். என்னோடு பேச்சு இல்லை. ஆனால் உடைந்த கண்ணாடியை மகனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். யாரிடம் கொடுக்கச் சொன்னாள் என்று அவனிடம் கேட்டேன். "பாய்கிட்டயே குடுக்கச் சொன்னாங்க, அவர் மாட்டினாத்தான் மூக்குல நிக்குமாம்" என்றான். பாய் அன்றைக்கே சரிசெய்து, புதுத் துணியில் சுற்றிக் கொடுத்தார். ஒரு வார்த்தை கிண்டல் இல்லை. நானாக இருந்தால் விட்டிருப்பேனா?

அக்டோபர் 9, வியாழன்

கூட்டத்துக்கு நான்கு பேர் வந்தோம். ஆரம்பிக்கும் முன் தடுப்புக் கதவைத் தட்டி, "பாய், இருக்கீங்களா?" என்று கேட்டேன். இருந்தார். மெஷினை நிறுத்த வேண்டாம், வேலையைப் பாருங்கள், எங்களுக்குச் சத்தம் பழகிவிடும் என்றேன். சரி என்றார்.

மெஷின் ஓட ஓடப் பாடினோம். சுருதி எங்கோ போயிற்று. தையல்காரம்மாவின் மகளுக்காக ஜெபித்தோம், மெஷின் ஓடியது. தபால்காரர் தன் தம்பிக்காக ஜெபித்தார், மெஷின் ஓடியது. நாத்தனாருக்காக நான் ஜெபித்தேன், அப்போதும் ஓடியது.

பிறகு, பாயின் முட்டிக்காக என்று தொடங்கினேன். மெஷின் நின்றது. ஆமென் சொல்லி முடித்த பிறகுதான் மறுபடி ஓடியது.