சுயமுயற்சிக்கு அனுமதி கோரும் விண்ணப்பம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் அம்மா உண்மையாகவே சௌக்கியம், நான் உன் அம்மா அப்படிச் சொல்வதால் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் காலையில் எழுந்ததும் என் முதல் நினைப்பு. போன தடவை பேசும்போது உனக்கு இருமல் இருந்தது, கேட்டதற்கு இல்லவே இல்லை என்றாய். பரீட்சை நாளில் மட்டும் வயிற்றுவலி வரும் பிள்ளைகளை முப்பது வருஷமாகப் பார்த்தவனிடம் இந்த வேலையெல்லாம் நடக்காது, டாக்டரைப் போய்ப் பார். அப்புறம், லீவே போடாத மனுஷன் பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் வீட்டில் என்ன செய்கிறேன் என்று அன்றைக்குக் கேட்டாய் அல்லவா, நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கி, அதை அவரே எழுத்தில போடட்டும்டி, வாயால சொன்னா பாதியை மாத்திச் சொல்லிடுவார் என்று சொல்லிவிட்டாள். ஆகவே எதையும் மாற்றாமல் எழுதுகிறேன், அவள் படித்துப் பார்த்த பிறகுதான் உறையை ஒட்டப்போகிறேன்.

விஷயம் இதுதான். எனக்கு ஓய்வு பெற இன்னும் நாலே மாதம். வருஷ ஆரம்பத்தில் கல்வி அதிகாரி அம்மா ஒருவர் பள்ளியைப் பார்க்க வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நீங்க போனப்புறம் இதை யாரு சார் பாத்துப்பாங்க என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, யாராலயும் முடியாதுங்க மேடம் என்றேன். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். ஒரு மாதம் கழித்து ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது, பொறுப்பேற்கத் தகுந்த ஆள் இல்லையென்றால் நம் பள்ளியை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். அந்த ரோட்டை நீ பார்த்திருக்கிறாய், லாரிக்காரர்களுக்கு அங்கே பிரேக் இருப்பதே ஞாபகம் வராது. இருநூற்று நாற்பது பிள்ளைகள், அதில் பாதிப் பேர் என் முட்டி உயரம் கூட இல்லை, அவர்கள் தினமும் இரண்டு வேளை அதைத் தாண்ட வேண்டும். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் என்று கேள்விப்பட்டிருப்பாய், உன் அப்பனேதான் அது.

கடிதத்தின் கீழே ஒரு வரி, உடன் பணிபுரிவோரிடம் தலைமைப் பண்பை வளர்க்கவும் என்று இருந்தது. வளர்த்தால் போச்சு என்று உடனே காரியத்தில் இறங்கினேன். வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டு, தலைமையில் இருப்பவன் மற்றவர்களைப் பேசவிட வேண்டும் என்பதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினேன். கடைசியில் யாருக்காவது கருத்து உண்டா என்று கேட்டேன், பதினோரு பேரும் கை கட்டி, நீங்க சொன்னா சரி சார் என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. திங்கள்கிழமை முதல் எல்லா ஆசிரியர்களும் சுயமாக முயற்சி எடுத்து முடிவு செய்ய வேண்டும், தவறினால் எழுத்து மூலம் விளக்கம் கேட்கப்படும் என்று சுற்றறிக்கை விட்டேன். திங்கள் காலை பார்த்தால் என் அறை வாசலில் வரிசை. சார், எந்த முயற்சி சார் எடுக்கணும் என்று கேட்கிறார்கள். நியாயம்தானே, ஆளாளுக்கு ஒரு முயற்சி எடுத்தால் பள்ளி என்ன ஆவது? அதனால் ஒரு படிவம் தயார் செய்தேன். தலைப்பு, சுயமுயற்சிக்கு அனுமதி கோரும் விண்ணப்பம். இரண்டு பிரதி. கடைசிக் கட்டத்தில் தலைமை ஆசிரியரின் முடிவு என்று கொஞ்சம் பெரிதாகவே இடம் விட்டிருந்தேன். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, சமையலுக்கும் ஒண்ணு அடிச்சுக் கொடுங்க, உப்பு போடறதுக்கு முன்னாடி அனுப்பி வைக்கிறேன் என்றாள்.

விளையாட்டு வாத்தியார் ஒரே நாளில் ஒன்பது படிவம் கொடுத்தார், ஒன்பதும் மூன்று மணிக்கே வீட்டுக்குப் போகும் முயற்சி. மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒன்று கொடுத்தாள். உனக்கு அவளைத் தெரியாது, நீ போன பிறகு சேர்ந்தவள், பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் சரிங்கசார் டீச்சர். மழை பெய்கிறது என்றாலும் சரிங்க சார், பெய்யவில்லை என்றாலும் சரிங்க சார். வெயிலில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை மரத்தடிக்கு மாற்றலாமா, பிள்ளைகள் சூடான தண்ணீர் குடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். தொட்டி பத்தொன்பது வருஷமாக, நான் தலைமை ஆசிரியரான நாளிலிருந்து, அங்கேதான் இருக்கிறது என்று எழுதி நிராகரித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் எதையும் மாற்றக் கூடாது என்று உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

அதிகாரி அம்மா மறுபடி வந்தார், படிவத்தைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். சிரிக்கிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. பிறகு ஆசிரியர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, சார் மூணு வாரம் லீவு, பள்ளி வாசலை மிதிக்கக் கூடாது, அந்த நாட்களில் யார் பொறுப்பு எடுத்துக்கறீங்க, நான் ஏதோ ஒரு நாள் சொல்லாம வந்து பார்ப்பேன், நல்லா நடந்தா பள்ளி இங்கேயே இருக்கும் என்றார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவர் மூன்றாம் வகுப்பு டீச்சரைப் பார்த்து, நீங்க பாத்துக்கறீங்களா என்றதும், வழக்கம்போல அவள் வாயிலிருந்து சரிங்க சார் வந்துவிட்டது. சொன்னது ஒரு பெண்ணிடம் என்பதும் சொன்னது என்ன என்பதும் அவளுக்கு அரை நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது, முகம் சுண்ணாம்பாகிவிட்டது. நம் பள்ளியின் அடுத்த தலைமை இப்படித்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது மகளே. இருபத்து மூன்று சாவி கொண்ட கொத்தை அவள் கையில் கொடுத்தபோது என் கை லேசில் விடவில்லை, அவள் இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது.

வீட்டில் நான் இருந்த லட்சணத்தை அம்மா உனக்குத் தனியாகச் சொல்லுவாள். டப்பாக்களுக்கு எல்லாம் எண் போட்டது நல்ல எண்ணத்தில்தான். நாலாம் நாள் அவள், ஒண்ணு நீங்க வெளிய போகணும் இல்ல நான் போகணும் என்று சொன்னதால் பள்ளிக்கு எதிரே இருக்கிற தையல்கடையில் போய் உட்கார்ந்தேன். வாசலை மிதிக்கக் கூடாது என்றார்களே தவிர பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்தால் தையல்காரர் முகம் சுளிப்பார் என்று தினமும் ஒரு தலையணை உறை தைக்கக் கொடுத்தேன். இப்போது வீட்டில் எட்டு உறை புதிதாக இருக்கிறது, தலையணை மூன்று. மணி சரியாக அடிக்கிறதா, காலைக் கூட்டம் எத்தனை நிமிஷம், எல்லாம் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டேன். தப்பு கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன், ஒளிப்பானேன், ஒன்றும் அகப்படாதபோது வயிற்றெரிச்சலாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் நல்ல மழை. ஐந்தாம் வகுப்பு ஓடு ஒழுகும், எனக்குத் தெரியும், நான் இருந்தால் நாலு வாளி வைத்துச் சமாளித்திருப்பேன். தையல்கடையிலிருந்து பார்த்தால் காவலாளியும் விளையாட்டு வாத்தியாரும் என் மேஜையைத் தூக்கிக்கொண்டு என் அறையிலிருந்து வெளியே வருகிறார்கள். மேஜை வராந்தாவுக்குப் போகிறது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பையும் குடையுமாக என் அறைக்குள் போகிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. குடை கூட எடுக்காமல், பாதி தைத்த தலையணை உறையைத் தலையில் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடினேன். வாசலில் டீச்சர் நின்றாள். யாரைக் கேட்டு இதைப் பண்ணினே என்று கத்தினேன். அவளுக்கு உதடு நடுங்கியது, ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. யாரையும் கேக்கல சார், பிள்ளைங்க நனையறாங்க, உங்க ரூம்தான் ஒழுகாத ரூம் என்றாள். நான் உள்ளே காலை வைத்தேன். சார், நீங்க லீவுல இருக்கீங்க, வெளியாள் வந்தா பதிவேட்டுல எழுதிட்டுத்தான் உள்ள விடணும்னு நீங்கதான் சார் விதி போட்டிருக்கீங்க என்று நோட்டை நீட்டினாள். பெயர் எழுதினேன். உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு கோடு போட்டேன். வந்த காரணம் என்ற இடத்தில் ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன், கடைசியில் சும்மா என்று எழுதினேன்.

வராந்தா பெஞ்சில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருக்கும்போது அதிகாரி அம்மாவின் ஜீப் வந்து நின்றது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். நிபந்தனையை மீறியவன் நான், தண்டனை அந்த முட்டி உயரப் பிள்ளைகளுக்கு. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார், என் தலையில் இருந்த உறையைப் பார்த்தார், இவர் எதுக்கு இங்கே என்று டீச்சரிடம் கேட்டார். அவள் நோட்டைத் திறந்து காட்டி, இவர் பார்வையாளர் மேடம், பத்து நிமிஷத்துல கிளம்பிடுவார் என்று சொன்னாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. என் அறைக்குள்ளே ஐந்தாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது, ஒரு பிள்ளை கூட என்னைத் தேடி எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது, எது முதலில் என்று கேட்காதே. ஒன்பதாவது நிமிஷமே கிளம்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கு வந்து, உங்களை அப்படி நிறுத்திட்டேனே சார் என்று ஒரே அழுகை. உன் அம்மா அவளுக்கு டீ கொடுத்து, நான் முப்பத்தாறு வருஷமா பண்ண முடியாததை நீ ஒரு நோட்டை வெச்சுப் பண்ணிட்டேம்மா என்று ஆறுதல் சொன்னாள். போன வாரம் உத்தரவு வந்துவிட்டது, பள்ளி இருக்கிற இடத்திலேயே இருக்கும், எனக்குப் பிறகு அவள்தான் பொறுப்பு. லீவு முடிந்து போய்ப் பார்த்தேன், தொட்டி மரத்தடியில் இருக்கிறது, தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது, படிவத்தின் மீதிக் கட்டு முழுவதையும் பின்பக்கம் கணக்குப் போட நாலாம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டாள். என் அறை எப்போது காலியாகும் என்று கேட்டேன், ஓடு மாத்தட்டும் சார், யோசிச்சுச் சொல்றேன் என்றாள். என் மேஜை இன்னும் வராந்தாவில்தான் இருக்கிறது, காற்று நன்றாக வருகிறது, இந்தக் கடிதத்தையும் அங்கேதான் ஆரம்பித்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும், இது உன் அம்மா சொல்லச் சொன்னது இல்லை. நீ அங்கே கிடைத்த வேலையை என்னைக் கேட்காமல் ஒத்துக்கொண்டு, டிக்கெட் எடுத்த பிறகுதான் வந்து சொன்னாய். இரண்டு வருஷம் உன்னோடு சரியாகப் பேசவில்லை நான், அம்மாவிடம் கொடு என்று போனை நகர்த்திக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு நீ என் முன்னால் நின்றபோது உனக்கும் உதடு அப்படித்தான் நடுங்கியது, அது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. நல்லது செய்தாய் மகளே. அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், எடுத்த காரியம் எல்லாம் கைகூடட்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், குட்டிப்பயலுக்கு என் முத்தம். தலையணை உறை ஐந்து அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. இருமலுக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை எழுது.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அப்பா
(படித்தேன், பொய் ஒன்றும் இல்லை. அம்மா)