முப்பத்தொரு பேரின் ஞாயிறு

செப்டம்பர் 8, திங்கள்

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இருபத்தாறு வருடம் இந்தக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய நான் துணை முதல்வர். என்னைவிட ஆறு வருடம் இளைய வேதியியல்காரர், ராயப்பன்பட்டி ஜெசிந்தா, முதல்வர். அதையும் விழுங்கினேன். இன்று சுற்றறிக்கை: ஏலக்காய் எடுக்க மலைக்குப் போய் வருகைப்பதிவு குறைந்த பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு. அது வருகையில் சேருமாம். யாரைக் கேட்டுச் செய்தார்? நிர்வாகக் குழுவுக்கு எழுதப்போகிறேன்.

செப்டம்பர் 9

நான்கு பக்கம். 'தன்னிச்சையாக' என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. ஒன்றைக்கூட அடிக்க மனமில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

செயலாளர் சுருளிராஜன் கூப்பிட்டார். ஜனவரியில் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது, தேர்ச்சி விகிதம் ஏற வேண்டும் என்றார். "வருகை குறைஞ்ச முப்பத்தொரு பிள்ளைகளையும் பரீட்சைக்கு விடாம நிறுத்துனா விகிதம் தானா ஏறும். அந்தம்மா கேக்க மாட்டேங்குது. நீங்க ஒரு புகார் குடுங்க, ஈஸ்வரபாண்டி சார். இருபத்தாறாம் தேதி நிர்வாகக் குழு கூடுது. நாற்காலி உங்களுக்குத்தான்."

வரும் வழியில் பழனிசெட்டிபட்டியில் இறங்கி அல்வா வாங்கினேன். "என்ன விசேஷம்?" என்றாள் மனைவி ஹேமாவதி. சும்மாதான் என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

யாரும் வந்திருக்க மாட்டார்கள், அதையும் புகாரில் சேர்க்கலாம் என்று போனேன். முப்பத்தொன்றில் இருபத்தெட்டு பேர்! நகமெல்லாம் ஏலக்காய்க் கறை.

பொருளாதாரம் எடுக்க ஆள் வரவில்லை — வர வேண்டியவர் என் துறை ஆள்தான். தேவாலயத்தில் காலைப் பூசை முடித்து நேராக வந்த ஜெசிந்தாவே புத்தகத்தை வைத்துக்கொண்டு நடத்துகிறார். கரும்பலகையில் தேவைக் கோடு மேல்நோக்கி ஏறுகிறது. இரண்டாம் ஆண்டு நாகஜோதி கேட்கிறாள்: "மேடம், வெலை ஏறுனா வாங்குறவுக கூடுவாகளா? எங்க தோட்டத்துல அப்பிடி இல்லையே!"

வகுப்பே சிரித்தது. ஜெசிந்தாவும்.

எனக்குத் தாங்கவில்லை. "இங்கன குடுங்க" என்று சாக்பீஸை வாங்கிவிட்டேன். இரண்டு மணி நேரம். முதல்வர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

"அடுத்த வாரமும் வருவீகளா சார்?" என்றாள் நாகஜோதி. பார்ப்போம் என்றேன்.

செப்டம்பர் 15

கோபம் போகவில்லை. அந்த நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டியதுதான். அதில் மாற்றமில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

புகாருக்கு வலுச் சேர்க்கப் போன பருவத் தேர்வு முடிவுகளை எடுத்தேன். அந்த முப்பத்தொரு பேரில் இருபத்தேழு பேர் எல்லாத் தாளிலும் தேர்ச்சி. கல்லூரியின் மொத்தத் தேர்ச்சியே அந்த அளவு இல்லை. இவர்களை நிறுத்தினால் விகிதம் இறங்கும். சுருளிராஜன் பார்க்கவே இல்லை. நானும்தான் — எட்டு நாளாக நாலு பக்கம் எழுதினேனே, ஒரு பெயரையாவது புரட்டிப் பார்த்தேனா? ச்சே.

செப்டம்பர் 17

"புகார் எங்க சார்?" என்றார் செயலாளர்.

"எழுதிக்கிட்டுதான் இருக்கேன்." பொய் இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

புகாருக்குப் பதிலாக வேறு கடிதம், ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. தேர்ச்சி விவரம், ஞாயிறு வருகைத்தாளின் நகல், இந்த வகுப்பும் இந்த முதல்வரும் தொடர வேண்டும் என்று ஒரு வரி. நிர்வாகக் குழு உறுப்பினர் ஒன்பது பேருக்கும் ஒன்பது உறை.

மொட்டைக் கடிதம் என்று ஒதுக்குவார்களோ? எண்களை அலுவலகத்திலேயே சரிபார்த்துக்கொள்ளட்டும். சுருளிராஜனுக்குப் பயமா? அதுவும் உண்டு. ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது.

ஆனால் கையெழுத்துப் போட்டால் ஜெசிந்தா நன்றி சொல்ல என் அறைக்கு வந்து நிற்பார். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது. பெயர் இல்லாமலே தபாலில் போடுகிறேன்.