ஊசி விற்கக் கூடாதென்று நான் எழுதிக்கொடுத்த தாளை ரத்து செய்யக் கோரி

அனுப்புநர்:
மு. நீலமேகம் (வயது 64),
த/பெ முத்தையன்,
வடக்குப் புதுமேடு மீனவக் கிராமம்,
கோட்டுச்சேரி கொம்யூன், காரைக்கால்.

பெறுநர்:
துணை இயக்குநர் அவர்கள்,
நலவழித்துறை, காரைக்கால்.

பொருள்: எங்கள் ஊராருக்கு மருந்துக் கடைகளில் ஊசி விற்கக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாட்டை நீக்க உதவுமாறும், ஊர் முழுவதற்கும் ஹெபடைடிஸ் சி ரத்தப் பரிசோதனை நடத்துமாறும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் 1993 முதல் 2001 வரை எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவராக இருந்தவன். இந்த மனுவில் யார் மீது புகார் என்று தாங்கள் தேட வேண்டாம். என் மீதுதான்.

2. என் மகன் கவியரசன் சென்ற ஆகஸ்ட் 19ஆம் தேதி இறந்துபோனான். வயது முப்பத்தாறு. மருமகள் வினிதாவும் ஏழு வயதுப் பேத்தியும் என்னுடன் இருக்கிறார்கள். ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, கடைசி இரண்டு மாதம் அவன் பட்ட பாட்டை எழுதித் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. வலை இழுத்த கைக்கு ஒரு தம்ளரைத் தூக்க முடியாமல் போயிற்று. அதுமட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

3. 1995இல் படகிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டவனுக்கு வலி தெரியாமலிருக்க ஊசி போட்டார்கள். வலி போன பிறகும் ஊசியை அவனால் விட முடியவில்லை. அந்த மருந்தைக் கள்ளத்தனமாக விற்க ஆள் இருந்தார்கள். அவனோடு தொழிலுக்குப் போன நான்கு பேரும், படகு எஞ்சின் பார்க்க வரும் சஃபியுல்லாவும் கூடச் சேர்ந்து பழகிக்கொண்டார்கள். விஷயம் தெரிந்த அன்று அவனை அடித்தேன். மறுநாள் ஊரைக் கூட்டினேன். எங்கள் ஊர் ஆட்கள் யாருக்கும், எந்தக் காரணத்துக்கும், ஊசியோ சிரிஞ்சோ கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அந்தக் கடைப் படியை ஊரில் ஒருவரும் மிதிக்க மாட்டோம் என்று கோயில் வாசலில் வைத்துக் கட்டுப்பாடு போட்டேன். என் கையாலேயே எழுதி, கையெழுத்திட்டு, கோட்டுச்சேரியில் எங்கள் ஊரார் போய்வரும் மூன்று கடைகளிலும் கொடுத்தேன். ஊரே மெச்சியது. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன். மருந்து எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை.

4. மருந்து நிற்கவில்லை ஐயா. புது ஊசி கிடைப்பதுதான் நின்றது. ஆறு பேரும் ஒரே சிரிஞ்சை வைத்துக்கொண்டார்கள். ஒரே படகில் போகிறவர்கள் ஒரே குடத்துத் தண்ணீர் குடிப்பதும் ஒரே சட்டியில் சாப்பிடுவதும் எங்கள் வழக்கம்; என்னுடையது எனக்கு மட்டும் என்கிறவனைப் படகில் ஏற்ற மாட்டோம். ஊசியையும் அப்படித்தான் கைமாற்றியிருக்கிறார்கள். ஒருவர் போட்டுக்கொண்டதும் கடல் தண்ணீரில் அலசி அடுத்தவரிடம் கொடுப்பார்களாம். கெளுத்தி முள் குத்தினால் கடல் தண்ணீரில் கழுவு, உப்பில் எந்தக் கிருமியும் தங்காது என்று சின்ன வயதில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "நல்லா அலசிட்டுத்தாம்பா போட்டுக்கிட்டோம், நீ சொன்ன மாதிரியே" என்றான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து அழுதேன்.

5. 1999இல் அவன் அந்தப் பழக்கத்தை அடியோடு விட்டுவிட்டான். கல்யாணம் ஆயிற்று, பெண் பிறந்தது. குடி கொஞ்சம் இருந்தது, அதை மறைக்கவில்லை. கண்டம் தாண்டிவிட்டோம் என்றே நினைத்திருந்தோம். கிருமி உள்ளேயே இருந்தது யாருக்கும் தெரியாது. சென்ற ஆண்டு சஃபியுல்லா துபாய் வேலைக்காக எடுத்த மருத்துவச் சோதனையில் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். ஹெபடைடிஸ் சி என்ற பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டோம். (அவர் பெயரை அவர் சம்மதத்துடனேயே எழுதுகிறேன்.) அவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, "மாப்ள, நீயும் போய் ரத்தம் குடுத்துப் பாருடா" என்று கெஞ்சினார். பார்த்தபோது ஈரலில் மிச்சம் அதிகம் இல்லை. மற்ற நால்வர் இன்றுவரை சோதித்துக்கொள்ளவில்லை. போனால் ஊசிக்காரன் என்று பெயர் விழுமாம். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறார்கள். என் மகனும் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தான்.

6. ஆகஸ்ட் 16ஆம் தேதி, வலிக்கு வீட்டிலேயே ஊசி போடச் சொல்லி மருத்துவர் மருந்து கொடுத்தனுப்பினார். பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் ராஜம் அம்மா போட்டுவிடுவதாகச் சொன்னார். சிரிஞ்சு மட்டும் வாங்க வேண்டும். கோட்டுச்சேரி கடைக்குப் போய்ச் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் சீட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. புதுமேட்டு ஆளுங்க யாருக்கும் எதுக்கும் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானங்க எழுதிக் குடுத்தீங்க" என்றார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் என் தாள் பழுத்துப்போய் இருந்தது. பஸ் பிடித்துத் தலத்தெருவுக்குப் போய் வாங்கி வந்தேன். போய்வர ஒன்றரை மணி நேரம். அவ்வளவு நேரமும் அவன் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டதாக வினிதா பிறகு சொன்னாள். கடைக்காரரைத் தாங்கள் கண்டிக்க வேண்டாம். என் வார்த்தையை அவர் பதின்மூன்று வருடம் காப்பாற்றியிருக்கிறார்.

7. காரியம் முடிந்ததும் இப்போதைய தலைவர் செல்லையனிடம் கட்டுப்பாட்டை எடுக்கச் சொன்னேன். "அண்ணே, கோயில் வாசல்ல போட்டது. எடுத்துட்டா, போட்டுக்குங்கடான்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்" என்கிறார். அவரைத் திட்ட எனக்கு வாயில்லை. அவர் இடத்தில் இருந்தபோது நானும் இதைத்தான் பேசினேன். ஊர் எடுக்காமல் கடைக்காரர்களும் விற்க மாட்டோம் என்கிறார்கள். சென்ற வாரம் கருவாடு காயப்போடும் களத்துக்குப் பின்னால் ஒரு சிரிஞ்சு கிடந்தது. மழுங்கிய ஊசி முனையை, தூண்டில் முள்ளைத் தீட்டுவது போலக் கல்லில் தீட்டியிருந்தார்கள். எத்தனை பேருக்குப் போனதோ தெரியவில்லை. இப்போது வேறு பிள்ளைகள், ஐயா. தடை அதேதான்.

8. ஆகவே, எங்கள் ஊராருக்கும் மற்றவர்களைப் போலப் புது ஊசி விற்கலாம் என்று அந்த மூன்று கடைகளுக்கும் தங்கள் அலுவலக முத்திரையுடன் ஒரு கடிதம் அனுப்ப வேண்டுகிறேன். அரசாங்கத் தாள் வந்தால் ஊர் மறுக்காது. அடுத்து, யாரும் தொழிலுக்குப் போகாத ஒரு நாளில், ஊரில் வயது வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ரத்தப் பரிசோதனை நடத்த வேண்டும். அந்த நால்வரைத் தனியாகக் கூப்பிட்டால் வர மாட்டார்கள். ஊரோடு ஊராக வருவார்கள். வரிசையில் முதல் ஆளாக நான் நிற்கிறேன். நானே கையை நீட்டி நின்றால், பின்னால் நிற்பவனைப் பார்த்து நீ எதற்கு வந்தாய் என்று கேட்க எவனுக்கும் வாய் வராது. என் பெயரைத் தாங்கள் எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம். அவர்கள் பெயரைக் கேட்காதிருக்க வேண்டுகிறேன்.

என் மகனுக்காக நான் கேட்க இனி ஒன்றும் இல்லை. மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளுக்காகத் தங்கள் வாசலில் நிற்கிறேன். மனமிரங்க வேண்டும்.

இடம்: வடக்குப் புதுமேடு
நாள்: 22.09.2008

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
மு. நீலமேகம்

இணைப்பு:
1. கவியரசனின் ரத்தப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ் (நகல்கள்).
2. 1995இல் நான் எழுதிக்கொடுத்த தாள், கடைக்காரரிடம் கேட்டு வாங்கியது (அசல்). இதிலுள்ள கையெழுத்தும் மனுவிலுள்ள கையெழுத்தும் ஒருவனுடையதே என்பதைச் சரிபார்த்துக்கொள்ளவும். தாளைத் திருப்பித் தர வேண்டியதில்லை.